மறைசெய்தியை உடைத்த 'கிரிப்': போர்க்கால இளையோர் நாவல் படிப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

இரண்டாம் உலகப்போர் கால மறைசெய்தி உடைப்பை வைத்து எழுதப்படும் இளையோர் நாவல்களில் அநேகமாக ஒரு காட்சி வந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு மரக்குடில், நள்ளிரவு, குளிர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், திடீரென்று 'இந்த இடத்தில் வானிலை என்றுதான் இருக்கும்' என்பாள், அடுத்த அத்தியாயத்தில் ஒரு கப்பல் கூட்டம் தப்பித்திருக்கும். நடுவில் என்ன நடந்தது? பல கதைகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. படிக்கிற நாமும் 'கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள்' என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். எனக்கு அந்த நடுப்பகுதிதான் மொத்தக் கதையிலும் ருசியான இடம். கணக்கு அதிகம் இல்லாமல் அதை விளக்கிப் பார்க்கிறேன்.

அந்த ஊகச்சொல்லுக்கு அங்கே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'கிரிப்'. ஆங்கிலப் பள்ளிகளில் பார்த்து எழுதுவதற்காக ஒளித்து வைத்துக்கொள்ளும் சீட்டுக்கு உள்ள பெயர் அது, நம் மாணவர்கள் 'பிட்டு' என்கிறார்களே அதேதான். எதிரியின் செய்தி முழுவதும் புரியாவிட்டாலும், அதற்குள் இந்த ஒரு சொல் கட்டாயம் இருக்கும் என்று தெரிந்தால் அதுதான் கிரிப்.

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. தமிழ் மெய்யெழுத்துகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள்: க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு அடுத்த எழுத்தை எழுதுவது என்று வைத்துக்கொள்வோம், உயிர்க்குறிகளைத் தொடவேண்டாம். 'கடலைப் பார்' என்பது 'ஙணவைம் மால்' என்று ஆகிவிடும். பார்த்தால் ஒன்றும் புரியாது, சரி. ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இரண்டு இடம் உடனே உறுத்தும். ஒன்று, ஙகரத்தில் தொடங்குகிற சொல் நம்மிடம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு, முதல் சொல் 'ம்' என்று முடிய, அடுத்த சொல்லும் மகரத்தில் தொடங்குகிறது. ஒரு பக்க அளவுள்ள செய்தியில் இந்த மாதிரி ஒட்டு அடிக்கடி வந்தால் அது என்ன? வல்லினம் மிகும் இடம்! அப்படியானால் அந்த மகரத்துக்குள் க, ச, த, ப என்ற நான்கில் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சந்திப் பிழை இல்லாமல் எழுதிய நல்ல மனிதர் தன் ரகசியத்தைத் தானே சொல்லிவிட்டார்.

எழுத்துக்கு எழுத்து மாற்றும் எந்த மறையெழுத்தும் இப்படித்தான் கசியும். மொழிக்குப் பழக்கங்கள் உண்டு, முகமூடி போட்டாலும் நடை மாறாது. இதை அடைக்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்துக்கும் விதியையே மாற்றிக்கொண்டு போகவேண்டும். முதல் 'க' ஒன்றாகவும், அடுத்த 'க' வேறொன்றாகவும், மூன்றாவது இன்னொன்றாகவும் மாறவேண்டும். கையால் செய்தால் தலை சுற்றும். அதைத்தான் எனிக்மா என்ற இயந்திரம் செய்தது.

எனிக்மாவை உருவாக்கியவர் ஆர்தர் ஷெர்பியுஸ் என்ற ஜெர்மன் பொறியாளர். 1918-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பார்க்கத் தட்டச்சுப் பொறி மாதிரி இருக்கும், மேலே 26 சின்ன விளக்குகள். ஒரு விசையை அழுத்தினால் மின்சாரம் மூன்று சக்கரங்கள் வழியாகப் போய், கடைசியில் இருக்கும் பிரதிபலிப்பான் என்ற தட்டில் திரும்பி, அதே சக்கரங்கள் வழியாக வேறு பாதையில் வந்து வேறோர் எழுத்தின் விளக்கை எரியவைக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் சக்கரம் ஒரு படி நகரும் என்பதால் அதே விசையை மறுபடி அழுத்தினால் வேறு விளக்கு எரியும். போதாதற்கு முன்பக்கத்தில் பிளக் போர்டு, அதில் பத்து வயர்களைச் செருகி எழுத்துகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றுவார்கள். ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்த 60 வழி, அவற்றைத் தொடக்க நிலையில் வைக்க 17,576 வழி, பிளக் போர்டையும் சேர்த்துக்கொண்டால் 159 போட்டு அதன் பின்னால் 18 பூஜ்யம் போடுகிற அளவுக்கு வழிகள். பெரும்பாலான அலைவரிசைகளில் இந்த அமைப்பு நள்ளிரவில் மாறிவிடும். நேற்று கண்டுபிடித்தது இன்று செல்லாது. நாவலில் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி பதற்றம் ஏற்றுகிறார்களே, அது மிகை இல்லை.

ஆனால் அந்தப் பிரதிபலிப்பான் ஒரு வினையை வைத்திருந்தது. மின்சாரம் போன பாதையிலேயே திரும்பி வர முடியாது, வேறு பாதையில்தான் வரும். இதனால் ஒரு வசதி, ஒரே அமைப்பில் வைத்தால் மறைக்கவும் அதே இயந்திரம், விடுவிக்கவும் அதே இயந்திரம். கூடவே ஒரு பலவீனம், எந்த எழுத்தும் தானாகவே மறைய முடியாது. 'அ' அழுத்தினால் 'அ' மட்டும் ஒருபோதும் வராது. இது ஒரு சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் மறைசெய்தி உடைத்தவர்கள் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்.

எப்படி என்று பார்ப்போம். ஒட்டுக்கேட்ட செய்தியில் இந்த ஒன்பது எழுத்துகள் இருக்கின்றன: ப ர ல க ச த வ ந ம. அதற்குள் எங்கோ 'மரகதம்' என்ற கப்பலின் பெயர் இருக்கிறது என்று நமக்கு எப்படியோ தெரியும். புள்ளியை மறந்துவிடுங்கள், ம ர க த ம என்று ஐந்து எழுத்து. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, செய்திக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். முதல் இடத்தில் வைத்தால் இரண்டாவது எழுத்தில் ரகரத்துக்கு நேர் கீழே ரகரம் வந்துவிடுகிறது. தானாகவே மறைய முடியாது என்பதால் இந்த இடம் இல்லை. ஓர் எழுத்து தள்ளி வையுங்கள், ககரமும் ககரமும் மோதும். இன்னும் ஒன்று தள்ளினால் தகரம் மோதும். நான்காவது இடத்தில் ம-க, ர-ச, க-த, த-வ, ம-ந என்று எதுவும் மோதவில்லை. ஐந்தாவது இடத்தில் கடைசி மகரம் மோதுகிறது. ஆக, அந்தப் பெயர் இருக்க முடிந்த ஒரே இடம் நான்காவது. இயந்திரத்தைப் பார்க்காமலேயே, பென்சிலும் காகிதமும் கொண்டு, ஐந்து எழுத்துகள் என்னவாக மாறின என்று தெரிந்துவிட்டது. உண்மையான செய்திகளில் இவ்வளவு சுத்தமாக ஓர் இடம் மட்டும் மிஞ்சாது, இரண்டு மூன்று மிஞ்சும், எல்லாவற்றையும் சோதிக்கவேண்டியிருக்கும். கிரிப் நீளமாக இருந்தால் மோதலுக்கு வாய்ப்பு அதிகம், அதனால் நீளமான கிரிப்புக்கு ஏக மதிப்பு. 'வெட்டர்ஃபோர்ஹெர்ஸாகெ' என்றால் ஜெர்மன் மொழியில் வானிலை முன்னறிவிப்பு. ரோமன் எழுத்தில் பதினாறு எழுத்து, கிரிப்பாகக் கிடைத்தால் கொண்டாட்டம்தான்.

சரி, அந்தச் சொல் உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கதை இயந்திரத்தை விட்டு மனிதர்களிடம் வருகிறது. வானிலை நிலையம் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே வடிவத்தில் அறிக்கை அனுப்பும். எங்கோ ஒதுக்குப்புறக் காவல்நிலையில் இருக்கும் சிப்பாய், சொல்லும்படி எதுவும் இல்லை என்பதையே தினமும் அதே சொற்களில் அனுப்புவான். மேலதிகாரியின் பட்டத்தை முழுசாக எழுதுவது ராணுவ மரியாதை, அந்த மரியாதையே எதிரிக்கு நீளமான கிரிப். செய்தி தொடங்கும் நிலையைக் காட்ட ஏதாவது மூன்று எழுத்தைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால், களைத்துப்போன சிலர் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து விசைகளைத் தட்டினார்கள், சிலர் காதலியின் பெயரை வைத்தார்கள். கிரிப் கிடைக்காதபோது பிரிட்டிஷ்காரர்கள் அதை விதைத்தும் இருக்கிறார்கள். விமானப்படை கடலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் கண்ணிவெடிகளைப் போடும், ஜெர்மானியர்கள் அந்த இடத்தின் எண்ணைச் சொல்லி எச்சரிக்கை அனுப்புவார்கள், அந்த எண்தான் தேவைப்பட்ட கிரிப். இதற்கு வைத்த பெயர் தோட்டவேலை!

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி மேவிஸ் லீவருடையது. லண்டனில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தவர், 1940-இல் பிளெட்ச்லி பார்க் என்ற பிரிட்டிஷ் மறைசெய்தி உடைப்பு மையத்துக்கு வந்தபோது வயது பத்தொன்பது சொச்சம். டில்லி நாக்ஸ் என்ற மூத்த நிபுணரின் குழுவில் சேர்ந்தார், இத்தாலியக் கடற்படையின் எனிக்மா அவர்கள் பொறுப்பு. ஒருநாள் கையில் கிடைத்த நீளமான செய்தி ஒன்றில் அவருக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. எல்லா எழுத்தும் வந்திருக்கிறது, 'எல்' மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நாம் மேலே பார்த்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்தும் தானாக மறையாது. அப்படியானால் செய்தி முழுக்க 'எல்' இல்லாமல் போக ஒரே காரணம்தான், அனுப்பியவன் அழுத்தியது முழுக்க முழுக்க 'எல்'! எதிரியைக் குழப்ப ஒரு போலிச் செய்தி அனுப்பச் சொல்லியிருப்பார்கள், அவனோ விசைப்பலகையின் கடைசி விசையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். வரலாற்றிலேயே இதைவிட நீளமான கிரிப் யாருக்குக் கிடைத்திருக்கும்? அதை வைத்து ஒரு சக்கரத்தின் உள் வயரிங்கையே கண்டுபிடித்தார்கள். இருந்த எழுத்துகளை எல்லாரும் பார்த்தார்கள், இல்லாத எழுத்தை அவர் பார்த்தார்.

கிரிப் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. ஜெர்மன் ராணுவ எனிக்மாவில் பிளக் போர்டும் உண்டு, எண்ணிக்கையில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது. பிளெட்ச்லியின் கணித நிபுணர் ஆலன் டூரிங் யோசித்து, அவருடைய சக நிபுணர் கார்டன் வெல்ச்மன் மேம்படுத்திய 'பாம்ப்' என்ற இயந்திரம் இங்கே வருகிறது. பெயரைப் பார்த்து வெடிகுண்டு என்று நினைத்துவிடாதீர்கள், மொழிபெயர்ப்புகளில் அந்தக் குழப்பம் வர வாய்ப்பு இருக்கிறது. அலமாரி மாதிரி பெரிய பொறி, வரிசை வரிசையாகச் சுழலும் உருளைகள். இன்ன எழுத்து இன்ன எழுத்தோடு செருகப்பட்டிருக்கிறது என்று ஓர் அனுமானத்தை எடுத்துக்கொண்டு, கிரிப் வழியாக நூல் பிடித்துப் போய்ப் பார்க்கும். ஓரெழுத்துக்கு இரண்டு ஜோடி என்று முரண்பாடு வந்தால் அந்தச் சக்கர நிலையையே தள்ளிவிடும். இந்தத் தர்க்கம் பிளக் போர்டின் கோடிகோடி வாய்ப்புகளை ஓரம்கட்டிவிடுவதால், மிஞ்சுவது 60 தடவை 17,576, பத்து லட்சத்துச் சொச்சம்தான். அது இயந்திரத்தால் முடிகிற வேலை. முரண்பாடு வராத இடத்தில் பொறி நின்றுவிடும், அந்த நிலையைக் குறித்துக்கொண்டு சோதிப்பார்கள். முதல் பாம்ப் 1940 மார்ச்சில் வந்தது, போர் முடியும்போது சுமார் 200 ஓடிக்கொண்டிருந்தன.

அவற்றை ஓட்டியவர்கள் யார்? கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த 'ரென்'கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. எட்டு மணி நேர முறை, இரவும் பகலும் மாறி மாறி, காதைக் குடையும் சத்தம், கையெல்லாம் எண்ணெய். பிளெட்ச்லியில் உச்சக்கட்டத்தில் ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள், அதில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஆகவே நாவலில் பதின்வயது முடியாத பெண்ணைக் கதாநாயகியாக வைப்பதில் செயற்கை எதுவும் இல்லை. செயற்கை எங்கே வருகிறதென்றால், அவள் ஒருத்தியே ஒட்டுக்கேட்டு, உடைத்து, மொழிபெயர்த்து, தளபதிக்குத் தந்தி அடிப்பதாகக் காட்டும்போது. எட்டாம் குடில் கடற்படை எனிக்மாவை உடைத்தது, உடைத்ததை நான்காம் குடில் மொழிபெயர்த்து அலசியது. தரைப்படை, விமானப்படைச் செய்திகளுக்கு அதேபோல ஆறாம் குடிலும் மூன்றாம் குடிலும். பக்கத்துக் குடிலில் என்ன நடக்கிறது என்று கேட்கக்கூடாது, பாம்ப் ஓட்டிய பெண்ணுக்குத் தான் உடைக்க உதவிய செய்தியில் என்ன இருந்தது என்றே தெரியாது. இந்தத் தெரியாமையை நேர்மையாக எழுதுகிற கதை எனக்கு ஒரு படி மேல்.

இன்னொரு குறையும் இந்தக் கதைகளில் அடிக்கடி தென்படுகிறது. எல்லாம் இங்கிலாந்தில் தொடங்கியதாகவே எழுதிவிடுகிறார்கள். எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள், அதுவும் 1932 டிசம்பரிலேயே. மரியன் ரெயெவ்ஸ்கிக்கு அப்போது 27 வயது, ஹென்றிக் ஜிகால்ஸ்கிக்கு 24, யெர்ஸி ரூஜிட்ஸ்கிக்கு 23. போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால், 1939 ஜூலையில், வார்சாவுக்கு அருகே பிரி என்ற காட்டுப்பகுதியில் பிரிட்டிஷாரையும் பிரெஞ்சுக்காரர்களையும் வரவழைத்துத் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்று பேரை மையமாக வைத்து இன்னும் நிறையக் கதைகள் வரவேண்டும் என்பது என் ஆசை.

உடைப்பது பாதி வேலை, உடைத்தது எதிரிக்குத் தெரியாமல் காப்பது மறுபாதி. எனிக்மா கசிகிறது என்று ஜெர்மனிக்குச் சந்தேகம் வந்தால் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். 1941 மார்ச் இறுதியில் மேவிஸ் லீவர் உடைத்த செய்தியில் 'இன்றிலிருந்து மூன்றாம் நாள்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது, அதைத் தொடர்ந்து விவரங்களும் கிடைத்தன, இத்தாலியக் கடற்படை கிளம்புகிறது. அலெக்சாண்ட்ரியாவில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கன்னிங்ஹம் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கோல்ஃப் மைதானத்துக்குப் போனார், அங்கே தவறாமல் வரும் ஜப்பானியத் துணைத்தூதரின் கண்ணில் படும்படி. கரையில் இரவு தங்கப்போகிறார் என்று அந்தத் துணைத்தூதர் நினைத்துக்கொண்டிருக்க, இருட்டியதும் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். ஒரு விமானத்தையும் அனுப்பி எதிரிக் கப்பல்களின் பார்வையில் படவைத்தார்கள், 'விமானம் பார்த்ததால்தான் மாட்டிக்கொண்டோம்' என்று அவர்கள் நினைக்கவேண்டும். மாட்டபான் முனைச் சண்டையில் இத்தாலி மூன்று கனரகக் குரூசர்களையும் இரண்டு டெஸ்ட்ராயர்களையும் இழந்தது.

இந்த ரகசியக் காப்பை வைத்து ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. 1940 நவம்பர் 14 அன்று கவென்ட்ரி நகரம் குண்டுவீச்சுக்கு ஆளாகப்போவது சர்ச்சிலுக்கு முன்பே தெரியும், எனிக்மா ரகசியத்துக்காக நகரத்தைப் பலிகொடுத்தார் என்பார்கள். உணர்ச்சிகரமான காட்சிக்கு உதவும் என்பதால் புனைவில் இதை எடுத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. ஒரு பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்திருந்தது, இலக்கு கவென்ட்ரி என்று சர்ச்சிலுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. நடந்த நகரத்தின் பெயரையும் நாளையும் கதையில் எடுத்தாளும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

கிரிப்பும் கைவிட்ட காலம் உண்டு. 1942 பிப்ரவரி 1 முதல் அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரம் சேர்த்த எனிக்மாவுக்கு மாறின. எட்டாம் குடிலுக்குப் பத்து மாதங்கள் ஏறக்குறைய இருட்டு, சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கிக்கொண்டிருந்தன. அக்டோபர் 30 அன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அடிபட்டு மேலே வந்தது. பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து டோனி ஃபாசனும் காலின் கிரேசியரும் இருட்டில் நீந்திப்போய் உள்ளே இறங்கி, தாள்களை எடுத்து எடுத்து மேலே கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டிருந்தவன் டாமி பிரௌன், கப்பலின் கேன்டீன் உதவியாளன். நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது, உள்ளே இருந்த இருவரும் வரவே இல்லை, டாமி குதித்துத் தப்பித்தான். அந்தத் தாள்களில் இருந்தது வானிலைச் செய்திகளைச் சுருக்கி அனுப்பும் குறிப்புப் புத்தகம். மறுபடியும் வானிலை, மறுபடியும் கிரிப்! டிசம்பரில் எட்டாம் குடில் உள்ளே புகுந்துவிட்டது. டாமிக்கு அப்போது வயது 16, வயதைக் கூட்டிச் சொல்லிக் கப்பலில் சேர்ந்தவன். 1945-இல் வீடு தீப்பிடித்தபோது தங்கையைக் காப்பாற்றப் போய் இறந்துபோனான். எனிக்மா உடைக்கப்பட்டது என்பதையே உலகம் 1970-களில்தான் விரிவாக அறிந்தது, தான் கைநீட்டி வாங்கிய தாள்கள் எங்கே போய் என்ன செய்தன என்பது அவனை எட்டவே இல்லை.

பிளெட்ச்லிப் பெண்களும் அப்படித்தான், முப்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. 'போரில் நீ என்ன செய்தாய்?' என்று பெற்றோர் கேட்டபோது 'ஏதோ எழுத்தர் வேலை' என்று சொல்லி, அந்தப் பெற்றோர் உண்மை தெரியாமலே இறந்துபோனார்கள். இளையோர் நாவலுக்கு இதைவிடக் கனமான கரு வேறென்ன வேண்டும்? அந்த வயதில் நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்!

சரி, இனி உங்கள் முறை. 'சய்யழ் ளம்பபு'. மேலே கொடுத்த மெய்யெழுத்து வரிசையில்தான், எத்தனை எழுத்து தள்ளியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். துறைமுகத்திலிருந்து வந்த செய்தி என்பதால் அதில் கடலில் ஓடுகிற ஒன்றின் பெயர் நிச்சயம் இருக்கும், அதை வைத்துத் தொடங்குங்கள்.